நாய் துரத்தினால் வேகமாக மிதிக்க வேண்டுமா, இறங்க வேண்டுமா?

கேள்வி: ராமநாதபுரத்திலிருந்து தனுஷ்கோடி வரை அதிகாலையில் சைக்கிளில் போக இருக்கிறோம். வழியில் தெருநாய்கள் துரத்தினால் வேகமாக மிதித்துத் தப்பிவிடலாமா? கையில் கம்போ மிளகாய் ஸ்பிரேயோ வைத்துக்கொள்வது நல்லதா?

மிதிக்காதீர்கள். பிரேக் பிடித்து இறங்குங்கள். நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் சைக்கிள் இருக்கும்படி பார்த்துக்கொண்டு மெதுவாகத் தள்ளிக்கொண்டு நடங்கள். அதன் கண்ணை முறைத்துப் பார்க்க வேண்டாம். முதுகைக் காட்டி ஓடவும் வேண்டாம். கம்பும் ஸ்பிரேயும் வீட்டிலேயே இருக்கட்டும்.

உச்சிப்புளிக்குத் தெற்கே கடலோரத்தில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டவள் நான். "நாய்ப் பாசத்தில் பேசுகிறாள்" என்று கீழே எழுத வருகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: என் மகளையே நாய் கடித்திருக்கிறது. அந்த வலியைப் பார்த்த பிறகும் இதைத்தான் சொல்கிறேன்.

நீங்கள் வெளியூர்க்காரர், கியர் சைக்கிளில் நண்பர்களோடு வருகிறீர்கள் என்று நினைக்கிறேன். அதனால்தான் வேகத்தை நம்புகிறீர்கள். தனுஷ்கோடி நோக்கிப் போகும்போது காற்று உங்களுக்கு ஒத்தாசை செய்யலாம். ஆனி, ஆடியில் திரும்பி வரும்போது கச்சான் என்கிற மேல்காற்று முகத்தில் அடிக்கும். அந்தக் காற்றில் சைக்கிள் ஊர்ந்துதான் போகும். காற்றே இல்லாவிட்டாலும், நூறு அடி தூரத்துக்குள் ஒரு நாட்டு நாயை முந்த உங்களால் முடியாது. ஓடுகிற எதையும் விரட்டுவது நாயின் இயல்பு. சுழலும் சக்கரமும் அசையும் காலும் நின்றுவிட்டால் பெரும்பாலான நாய்களுக்குப் பாதிக் கோபம் தணிந்துவிடும்.

என் மகளுக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை. பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிளில்தான் உச்சிப்புளிக்கு டியூஷனுக்குப் போய்வந்தாள். ஒரு சித்திரை மாதம், நன்றாக விடியாத நேரம். மீன் காயப்போடும் களத்தை ஒட்டிச் சாலை திரும்பும் இடத்தில் ஒரு செவலை நாய் குரைத்துக்கொண்டு வந்திருக்கிறது. நாய் வந்தால் இரண்டு காலையும் தூக்கிக் கைப்பிடிக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று எங்கள் ஊர்ப் பையன்கள் சொல்வார்கள். அதையே செய்தாள். தார் முடிந்து மணல் தொடங்கும் ஓரத்தில் சக்கரம் சறுக்கிக் கீழே விழுந்தாள். முழங்கை தேய்ந்தது. கெண்டைக்காலில் பல் பதிந்து இரத்தம் வந்தது.

நெத்திலி பரப்பிக்கொண்டிருந்த ஓர் ஆத்தாதான் முதலில் ஓடி வந்தார். பக்கத்து வீட்டுப் பெண் சுண்ணாம்போடு வர, "அதைக் கொண்டுபோய் உள்ளே வை, துணி சோப்பை எடுத்து வா" என்று அதட்டியிருக்கிறார். சமையலுக்குப் பிடித்து வைத்திருந்த காவிரித் தண்ணீரை, நான் போய்ச் சேரும்போதும் சோப்புப் போட்டுப் போட்டு ஊற்றிக்கொண்டே இருந்தார். எங்கள் ஊரில் ஒரு குடம் நல்ல தண்ணீர் என்றால் என்ன விலை என்பது இங்கே குடியிருந்தால்தான் தெரியும். கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும் என்பதுதான் மருத்துவர்கள் சொல்லும் முதல் சிகிச்சை. சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதையும் வைக்கக் கூடாது. கட்டும் போடக் கூடாது.

அரசு மருத்துவமனையில் அன்றே தடுப்பூசி போட்டார்கள். இரத்தம் வந்த கடி என்பதால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்கிற, கிருமியை உடனே எதிர்க்கும் மருந்தும் போட்டார்கள். கையில் போடும் ஊசி முதல் நாள், பிறகு அந்த நாளை 0 என்று வைத்து எண்ணினால் வரும் 3, 7, 28 ஆகிய நாட்களில். வெறிநோயின் அறிகுறி தொடங்கிவிட்டால் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. ஆகவே "கீறல்தானே" என்று யாரும் இருந்துவிடாதீர்கள்.

மாலையில் என் கொழுந்தனார் கம்பும் கயிறுமாகக் கிளம்பினார். ஆத்தா அவரைக் கையைப் பிடித்து இழுத்துப் போய், சாலையோரம் கவிழ்த்துக் கிடந்த பழைய வள்ளத்துக்கு அடியில் குனிந்து பார்க்கச் சொன்னார். கண் திறக்காத குட்டிகள். நானும் தடுத்தேன். இரக்கம் ஒரு காரணம், அதைவிடப் பெரிய காரணம் வேறு. கடித்த நாய் 10 நாள் உயிரோடும் நலமாகவும் இருந்தால், கடித்த நேரத்தில் அதற்கு வெறி இல்லை என்று தெரிந்துவிடும். அடித்துப் போட்டால் அந்த நிம்மதி நமக்குக் கிடைக்காது. அந்த நாய் நன்றாகவே இருந்தது. பெண்கள் சேர்ந்து குட்டிகளைப் பனையோலை வேலிக்கு உட்புறம் மாற்றினார்கள். அதன் பிறகு அது சாலைக்கு வந்து யாரையும் விரட்டவில்லை.

இப்போது என் மகள் வலைக்குவியல் கண்ணில் பட்டதுமே இறங்கி, களத்தைத் தாண்டும் வரை தள்ளிக்கொண்டு நடந்து, பிறகு ஏறிக்கொள்கிறாள். அவளைப் பார்த்து மற்ற பிள்ளைகளும் அப்படியே செய்கிறார்கள். எனக்கு அதில் பெருமைதான்.

ஆனால் ஒரு பெண்பிள்ளை இருட்டில் ஏன் சைக்கிளில் போக வேண்டும்? காலையில் வந்துகொண்டிருந்த டவுன் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். மனு கொடுத்தோம், பதில் இல்லை. சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021-இல் வந்தது. நல்ல திட்டம். பஸ்ஸே வராத ஊருக்கு அதனால் என்ன பயன்? சாலை விளக்குக்கும் இதே கதைதான். விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள், 2023-இன்படி நாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் உள்ளாட்சியின் பொறுப்பு. அதற்காக ஒரு வண்டி எங்கள் குப்பத்துக்குள் வந்து நான் பார்த்ததில்லை. தெருநாய்களைப் பற்றி நகரத்தில் வாதாடுகிறவர்கள் எங்களையும் கொஞ்சம் நினைக்க வேண்டும்.

உங்கள் வழிக்கு வருகிறேன். மண்டபம் பக்கம் மீன் இறங்குதளங்களை ஒட்டி நாய்கள் கூட்டமாக இருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. மீன்கழிவு குறைந்து, வயிறு காய்ந்த நாய்கள் சாலைக்கு வரும். அந்த மாதங்களில் விடிந்த பிறகே கிளம்புங்கள். தனுஷ்கோடியில் வேனிலிருந்து பிஸ்கட் எறிகிறவர்கள் உண்டு. அதனால் வேகம் குறையும் எந்த வண்டியைக் கண்டாலும் நாய்கள் ஓடிவரும். நீங்கள் எதையும் எறியாதீர்கள். தாரின் சூட்டுக்காகச் சாலையிலேயே படுத்திருக்கும் நாய்க்குத் தூரத்திலேயே மணி அடியுங்கள். காதருகில் அடித்தால் திடுக்கிட்டுத்தான் பாயும். கூட்டமாக வருகிறீர்கள் என்றால் எல்லோரும் ஒன்றாக இறங்குங்கள். முன்னால் போகிறவர் தப்பிவிடுவார், கடைசியில் வருகிறவர்தான் மாட்டுவார்.

குரைக்கிற நாய் பெரும்பாலும் எச்சரிக்கிறது. தலையைத் தாழ்த்திச் சத்தமில்லாமல் வருவதைத்தான் கவனிக்க வேண்டும். எச்சில் ஒழுக, தள்ளாடிக்கொண்டு, எதிர்ப்பட்டதையெல்லாம் கடிக்கப் போகிற நாயைக் கண்டால் நான் சொன்ன நடை எதுவும் செல்லாது. பக்கத்தில் எந்த வீடு இருக்கிறதோ அதற்குள் போய்விடுங்கள். யாரும் உங்களை வெளியே நில் என்று சொல்ல மாட்டார்கள்.

மீறிக் கடித்துவிட்டால், பயணத்தை அங்கேயே நிறுத்தி, கழுவி, அன்றே ஊசி போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த ஊசிகளை உங்கள் ஊர் அரசு மருத்துவமனையிலேயே போட்டுக்கொள்ளலாம். முதல் ஊசிக்குக் கொடுத்த சீட்டை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.