ராத்திரியில் மட்டும் எடுத்த இலங்கை: அப்பாவின் ரேடியோவைத் தூக்கிப் போடலாமா?

கேள்வி: முத்துப்பேட்டைக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. அப்பாவுக்கு 81 வயது. அவருடைய பழைய மூன்று பேண்ட் டிரான்சிஸ்டரை இன்னும் துடைத்து வைத்திருக்கிறார். ஒரு காலத்தில் ராத்திரியானால் அதில் இலங்கை, பெங்களூர், ஹைதராபாத் எல்லாம் எடுக்குமாம். இப்போது மீடியம் வேவில் 'கொர்ர்' என்ற இரைச்சல்தான். கடையில் காட்டினால், "தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குங்க" என்கிறார்கள். ரேடியோ கெட்டுவிட்டதா? ஏரியல் மாற்றினால் சரியாகுமா? ராத்திரியில் ஒரு தூரத்து ஸ்டேஷனையாவது அவர் மறுபடி கேட்க வேண்டும் என்பது என் ஆசை.

பதில்: தூக்கிப் போடாதீர்கள் அம்மா. இரைச்சல் வருகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். செத்த ரேடியோ இரையாது. உங்கள் வீட்டுக் காற்றில் இருக்கிற எல்லாவற்றையும் அது ஒழுங்காகப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது. நாற்பது வருஷமாக இந்த டெல்டாவில் ரேடியோ பிரித்து மாட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், பெரும்பாலும் ரேடியோ மாறியிருக்காது. அதைச் சுற்றியுள்ள வீடுதான் மாறியிருக்கும்.

இன்று ராத்திரியே சோதித்துவிடலாம். அடாப்டரைக் கழற்றி வைத்துவிட்டுப் புதுச் செல் போடுங்கள். எட்டு மணிக்கு மேல் வீட்டு மெயின் சுவிட்சை ஐந்து நிமிஷம் அணையுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் அணைக்க வேண்டும், அதுதான் பெரிய எதிரி. இரைச்சல் சட்டென்று இறங்கினால் ரேடியோ நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். இறங்காவிட்டாலும் கவலைப்படாதீர்கள், பக்கத்து வீட்டுச் சத்தமாக இருக்கலாம். ரேடியோவைக் கையில் எடுத்துக்கொண்டு, கரண்ட் கம்பியை விட்டு விலகி வயல் வரப்பு வரைக்கும் போய்ப் பாருங்கள்.

உங்கள் அப்பா இலங்கை கேட்ட காலத்தில் வீட்டில் என்ன இருந்தது? இரண்டு குண்டு பல்பு, ஒரு டியூப் லைட், ஒரு மின்விசிறி. இன்று எல்இடி பல்பு, செல்போன் சார்ஜர், டிவி பெட்டி, செட்டாப் பாக்ஸ் என்று ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சின்ன சர்க்யூட் உட்கார்ந்து கரண்டை வினாடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டிக் கொடுக்கிறது. அந்த வெட்டின் சிதறல் மீடியம் வேவ் முழுக்கப் பரவுகிறது. கடலோரத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. உப்புக் காற்று கரண்ட் கம்பத்துப் பீங்கானில் படிந்து, பனியில் நனைந்ததும் ராத்திரி முழுக்கப் படபடவென்று பொரியும்.

2018 நவம்பர் 16ஆம் தேதி விடியற்காலையில் வேதாரண்யத்துப் பக்கம் கஜா புயல் கரை ஏறியதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதன் பிறகு எத்தனை ராத்திரி கரண்ட் இல்லாமல் கிடந்தோம்! தென்னை எல்லாம் சாய்ந்து கிடந்த அந்த நாட்களில், சேதி கேட்பதற்காக நான் ஒரு சின்ன டிரான்சிஸ்டரைத் திருப்பினேன். இருபது வருஷமாகக் கேட்காத அமைதி அதில் இருந்தது. முள்ளு நகர நகர ஒவ்வொரு ஸ்டேஷனாகத் தெளிவாக வந்தது. அந்தத் துக்கத்துக்கு நடுவிலும், வானம் கெட்டுப்போகவில்லை என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது.

அது ஏன் ராத்திரியில் மட்டும் எடுக்கிறது என்று அப்பா உங்களிடம் கேட்டிருக்கலாம். பகலில் வெயில் பட்டு, தரையிலிருந்து 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் காற்று மின்னேற்றம் பெறுகிறது. அதை 'டி' அடுக்கு என்பார்கள். மேலே போகிற மீடியம் வேவ் அலை அந்த அடுக்கில் எலெக்ட்ரான்களை ஆட்டுகிறது, அவை காற்று மூலக்கூறுகளோடு மோதிச் சக்தியை இழக்கின்றன. அலை அங்கேயே அடங்கிவிடும். ஆகவே பகலில் நமக்குக் கிடைப்பது தரையை ஒட்டி ஊர்ந்து வருகிற அலை மட்டும்தான். பொழுது சாய்ந்ததும் சிறிது நேரத்தில் 'டி' அடுக்கு கலைந்துபோகிறது. அதற்கு மேலே, 100 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிற அடுக்குகள் ராத்திரியிலும் முழுசாகக் கலைவதில்லை. தடை விலகியதும் அலை அதுவரை போய், வளைந்து, பல நூறு கிலோமீட்டர் தள்ளித் தரைக்கு இறங்குகிறது. பெங்களூரும் ஹைதராபாத்தும் உங்கள் திண்ணைக்கு வந்தது அந்த வழியாகத்தான். அடுக்கு ஒரே நிலையில் நிற்காது, அசையும். அதனால்தான் பாட்டு அருகில் வருவதும் தூரப் போவதுமாக ஊஞ்சல் ஆடும்.

இலங்கைக் கதை மட்டும் கொஞ்சம் வேறு. உங்கள் ஊரிலிருந்து, இலங்கையில் டிரான்ஸ்மிட்டர் இருக்கிற புத்தளம் நேர் தெற்கே ஏறக்குறைய 270 கிலோமீட்டர், வழியில் பெரும்பகுதி கடல். உப்புத் தண்ணீர் மண்ணைவிடப் பல நூறு மடங்கு நன்றாக மின்சாரம் கடத்தும். தரையில் 100 கிலோமீட்டர் போவதற்குள் மூச்சு வாங்குகிற அலை, கடல்மேல் வழுக்கிக்கொண்டு வரும். கோடியக்கரை, வேதாரண்யம், நாகப்பட்டினப் பக்கத்தில் பகலிலேயே சிலோன் கேட்க முடிந்ததற்கு அதுதான் காரணம். 1972இல் நாட்டின் பெயர் ஸ்ரீலங்கா ஆனது, அதற்கு முன்பே 1967இல் ரேடியோ சிலோன் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஆகிவிட்டது. நம் ஊரில் மட்டும் கடைசிவரை 'சிலோன் ரேடியோ'தான். மயில்வாகனம், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீத் என்ற அதன் அறிவிப்பாளர்களின் குரல்களைச் சொந்தக்காரர் குரல் போல அடையாளம் சொல்லக்கூடியவர்கள் தஞ்சை, திருவாரூர் மாவட்டங்களில் இன்னும் நிறைய இருக்கிறார்கள்.

சிலோனைப் பற்றிப் பேசும்போது திருச்சியை விட்டுவிட எனக்கு மனம் வராது. 1939 மே 16இல் தொடங்கிய நிலையம், 936 கிலோஹெர்ட்ஸ். 1960களில் ஆடுதுறை 27 நெல்லைப் பற்றித் திருச்சி வானொலி சொல்லித்தான் நம் விவசாயிகள் தெரிந்துகொண்டார்கள். அதனால் அந்த ரகத்துக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வந்தது. ஒரு நெல்லுக்கு ரேடியோ பெயர் வைத்த சீமை இது! உங்கள் ஊருக்குத் திருச்சி சுமார் 100 கிலோமீட்டர். அந்தத் தூரத்தில் ராத்திரி வேளையில் தரையலையும் வான் அலையும் ஒன்றாக வந்து மோதுவதால், சில சமயம் திருச்சியே குழறிக் கேட்கும். அதையும் ரேடியோ கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள்.

இனி ஏரியல். ரேடியோ முதுகில் இழுத்து நீட்டுகிற குச்சி ஏரியலுக்கும் மீடியம் வேவுக்கும் சம்பந்தமே இல்லை. அது சிற்றலைக்கும் பண்பலைக்கும் உரியது. மீடியம் வேவைப் பிடிப்பது, பெட்டிக்குள் படுக்கையாகக் கிடக்கும் கறுப்புப் ஃபெரைட் கட்டையும் அதன்மேல் சுற்றிய மெல்லிய கம்பியும்தான். கட்டையின் பக்கவாட்டுத் திசையில் அதற்குக் காது கூர்மை, இரு முனைத் திசையிலும் செவிடு. ஆகவே குச்சியை நீட்டிப் பயனில்லை, ரேடியோவையே திருப்ப வேண்டும். இலங்கைக்கு ரேடியோவின் முகம் தெற்கையோ வடக்கையோ பார்க்கட்டும். திருச்சிக்கு மேற்கு, கிழக்கு. இரைச்சல் ஒரு பக்கத்து வீட்டிலிருந்து வருகிறது என்றால், கட்டையின் முனை அந்த வீட்டைப் பார்க்கும்படி திருப்பினால் அது பாதிக்குப் பாதி குறையும். கால் சுற்று திருப்பினால் போதும், வித்தியாசம் கேட்கும்.

அதற்கு மேலும் வேண்டுமானால் ஒரு சட்ட ஏரியல் செய்துகொள்ளலாம். இரண்டு அடிச் சதுரத்தில் மரச் சட்டம், அதைச் சுற்றி 10 அல்லது 12 சுற்று சாதாரண பிளாஸ்டிக் உறைக் கம்பி, இரண்டு முனையையும் பழைய ரேடியோவிலிருந்து எடுத்த 500 பிகோஃபாரட் கேங் கண்டென்சரில் (ஸ்டேஷன் மாற்றத் திருப்புகிற பாகம்) பற்றவையுங்கள். ரேடியோவோடு எந்த இணைப்பும் வேண்டாம். ரேடியோவின் கட்டை சட்டத்தின் தளத்துக்குச் செங்குத்தாக, முனை சட்டத்தின் நடுவைப் பார்க்கும்படி பக்கத்தில் வைத்து கேங்கைத் திருப்பினால், ஒரு இடத்தில் ஸ்டேஷன் குபீரென்று ஏறும். டயலின் கோடி வரை எட்டவில்லை என்றால் ஒரு சுற்றைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் இரண்டு தென்னைக்கு நடுவே நீளக் கம்பி கட்டுவார்கள். நான் அதை இப்போது யாருக்கும் சொல்வதில்லை. ஐப்பசி, கார்த்திகை இடியில் அந்தக் கம்பி வீட்டுக்குள் என்ன கொண்டுவரும் என்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எங்கே தேடுவது? உங்கள் ரேடியோவின் டயலில் மீட்டர் கணக்கு இருந்தால், 300000-ஐ அந்த எண்ணால் வகுங்கள், கிலோஹெர்ட்ஸ் கிடைக்கும். 320 மீட்டருக்குப் பக்கம் திருச்சி, 340 என்றால் 882, அது புத்தளம். அங்கிருந்து டிரான்ஸ் வேர்ல்ட் ரேடியோவின் கிறிஸ்தவ நிகழ்ச்சிகள் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் வந்திருக்கின்றன. சென்னை 720, பெங்களூர் 612, தூத்துக்குடி 1053. இந்த எண்களின் இலக்கங்களைக் கூட்டிப் பாருங்கள், எல்லாம் ஒன்பதிலோ பதினெட்டிலோ வந்து நிற்கும். நம் பக்கத்தில் ஸ்டேஷன்களுக்கு இடையே 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி என்று வகுத்திருப்பதால் அப்படி. டிஜிட்டல் எண் காட்டும் புது ரேடியோ வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அமெரிக்கக் கணக்கில் பத்துப் பத்தாகத் தாண்டும் பெட்டியில் 936 சரியாக உட்காராது. அதை 9க்கு மாற்றும் வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

நேரமும் பார்க்க வேண்டும். மாலை மயங்கும்போது நமக்குக் கிழக்கே இருட்டு முன்னதாகவே வந்துவிடும், ஆகவே வங்கக் கடலுக்கு அப்பாலுள்ள ஸ்டேஷன்கள் முதலில் தலைகாட்டும். விடியற்காலை நாலரைக்கு மேற்கே இன்னும் நடுராத்திரி, அப்போது அரபு நாட்டுக் குரல்கள் மிதந்து வரும். அந்த நேரத்தில் ஊரும் தூங்குகிறது, சார்ஜர்களும் குறைவு. வருஷத்தில் மார்கழி பாதிக்கு மேல் மாசி வரைக்கும் நல்ல காலம். மழை ஓய்ந்து, இடியின் கரகரப்பு அடங்கியிருக்கும்.

ஒரு விஷயத்தை அப்பாவிடம் நீங்கள் பக்குவமாகச் சொல்ல வேண்டும். முள்ளு பழைய இடத்தில் நின்றும் ஒன்றும் வராவிட்டால், அங்கே ஒலிபரப்பவே ஆள் இல்லாமல் இருக்கலாம். பிபிசி தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30உடன் நின்றது. அகில இந்திய வானொலியின் மீடியம் வேவ் டிரான்ஸ்மிட்டர்கள் பலவும் சமீப வருஷங்களில் மூடப்பட்டுவிட்டன. வேறு சிலவற்றில் டிஆர்எம் என்ற டிஜிட்டல் முறை வந்திருக்கிறது. சாதாரண ரேடியோவில் அது, அடைமழை ஓட்டின்மேல் பெய்வது போல ஒரே சீரான இரைச்சலாகத்தான் கேட்கும். இதில் எனக்கு வருத்தம் உண்டு. புயலில் செல்போன் கோபுரம் சாய்ந்தாலும் நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து சேதி கொண்டுவரக்கூடிய ஒன்றை, கேட்பார் இல்லை என்று கைவிடுவது டெல்டாக்காரர்களுக்கு நல்லதல்ல.

ரேடியோவுக்குள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். செல் ஸ்பிரிங்கில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேயுங்கள். பேண்ட் சுவிட்சையும் வால்யூம் கண்ட்ரோலையும் காண்டாக்ட் கிளீனர் அடித்து இருபது தடவை முன்னும் பின்னும் திருப்பினால் பாதி ரேடியோக்கள் பிழைத்துவிடும். சத்தம் மெலிந்து 'புடுபுடு' என்றால் எலெக்ட்ரோலைட்டிக் கண்டென்சர் வறண்டிருக்கும், தெரிந்த மெக்கானிக் மாற்றிக் கொடுப்பார். ஐஎஃப்டி என்கிற அந்தச் சின்ன உலோக டப்பாக்களின் திருகாணியை மட்டும் யாரும் தொடவிடாதீர்கள். அது 455 கிலோஹெர்ட்ஸில் கட்டிவைத்த ஸ்ருதி. ஒரு திருகு தப்பினால் கருவி இல்லாமல் மீட்க முடியாது. உங்களுடையது டிரான்சிஸ்டர் என்பதால் தைரியமாகத் திறக்கலாம். வால்வு ரேடியோ வைத்திருப்பவர்கள், பல வருஷம் தூங்கிய பெட்டியை நேராகப் பிளக்கில் சொருகவே கூடாது. உள்ளே 250 வோல்ட் வரைக்கும் ஓடும். சில பெட்டிகளில் சேசிஸ் என்கிற உள் இரும்புத் தட்டிலேயே கரண்ட் இருக்கும்.

முதல் ராத்திரிக்கு அப்பாவை வீட்டு மின்விளக்கிலிருந்து தள்ளி, கொல்லைப் பக்கமோ களத்திலோ உட்கார வையுங்கள். ரேடியோவை இரும்பு மடக்கு நாற்காலியிலும் தகர மேசையிலும் வைக்காதீர்கள், அந்த இரும்பு, ஃபெரைட் கட்டையின் காதை அடைத்துவிடும். மர முக்காலி இருந்தால் அதன்மேல் வைத்து, முகத்தைத் தெற்கே திருப்பி, முள்ளை 882க்குப் பக்கத்தில் அவர் கையாலேயே மெல்ல நகர்த்தச் சொல்லுங்கள்.