பல வருடம் சொட்டு மருந்து போட்டால் கிளாக்கோமா ஆபரேஷன் தோற்றுப்போகுமா?

தோற்றே தீரும் என்றில்லை, ஆனால் வாய்ப்பு கொஞ்சம் கூடுகிறது.

கிளாக்கோமா என்பது பெரும்பாலும் கண்ணுக்குள் அழுத்தம் கூடி பார்வை நரம்பு கெடும் நோய். அந்த அழுத்தத்தைக் குறைக்கச் செய்யும் டிராபெகுலெக்டமி என்ற ஆபரேஷனில் கண்ணுக்குள் இருக்கும் நீர் வெளியேற ஒரு சிறு வழி திறப்பார்கள். அந்த நீர் வெள்ளைவிழியை மூடியிருக்கும் மெல்லிய சவ்வுக்கு அடியில் கொப்புளம் போலத் தேங்கி மெல்ல உறிஞ்சப்படும். அந்தச் சவ்வு தழும்பேறி ஒட்டிக்கொண்டால் வழி அடைபடும், அழுத்தம் மறுபடி ஏறும். ஆபரேஷன் தோற்பது பெரும்பாலும் இப்படித்தான்.

சொட்டு மருந்து வருவது இங்கேதான். பல மருந்துகளில் கெடாமல் இருக்க பென்சால்கோனியம் குளோரைடு சேர்க்கிறார்கள். வருடக்கணக்கில் இரண்டு மூன்று மருந்து போடும்போது சவ்வில் அழற்சி செல்கள் சேர்கின்றன, தழும்பு நாரை உண்டாக்கும் செல்களும் பெருகுகின்றன. கண் சதா சிவந்திருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

இதைச் சமாளிக்க வழி இருக்கிறது. ஆபரேஷனுக்குச் சில வாரம் முன்பே மென்மையான ஸ்டீராய்டு சொட்டு தருவார்கள், பென்சால்கோனியம் போன்ற பிரிசர்வேட்டிவ் (கெடாமல் காக்கும் பொருள்) இல்லாத மருந்துக்கு மாற்றுவார்கள். ஆபரேஷனின்போது தழும்பைத் தடுக்க மைட்டோமைசின் என்ற மருந்தை வைப்பதும் உண்டு.

இதைப் படித்துவிட்டு நீங்களாகவே சொட்டு மருந்தை நிறுத்திவிடாதீர்கள். அழுத்தத்தால் செத்துப்போன பார்வை நரம்பை எந்த ஆபரேஷனும் மீட்காது.