டெண்டர் கிடைத்தது, ஷட்டர்காரர் நழுவிவிட்டார்

கேள்வி: சின்ன அளவில் அரசு காண்ட்ராக்ட் எடுக்கிறேன். வாய்க்கால் மதகு வேலை ஒன்றுக்கு ஷட்டர் செய்து மாட்ட ஒருவர் 4,20,000 ரூபாய் என்று வாட்ஸ்அப்பில் ரேட் அனுப்பினார். ‘30 நாளைக்கு மாறாது’ என்றும் எழுதியிருந்தார். அதை வைத்தே டெண்டர் போட்டேன், வேலையும் கிடைத்தது. அவரிடம் சொல்வதற்குள், 18-ஆம் நாளே ‘கட்டுப்படியாகாது, விட்டுடுங்க’ என்று மெசேஜ் வந்துவிட்டது. வேறு ஆள் 5,60,000 கேட்கிறார். வித்தியாசத்தை முதல் ஆளிடம் வசூலிக்க முடியுமா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை மட்டும் வைத்துப் பார்த்தால், முடியாது. நீங்கள் ‘சரி’ என்று சொல்லி அனுப்பும் வரை அவர் தன் ரேட்டைத் திரும்பப் பெறலாம் என்கிறது 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு. டெண்டர் கிடைத்தது உங்களுக்கும் துறைக்கும் உள்ள சங்கதி. அவருக்குச் சொன்ன ‘சரி’ ஆகாது. அந்த 30 நாள் வாக்குக்கு நீங்கள் கைமாறாக எதுவும் கொடுக்கவில்லை, அதனால் அதுவும் அவரைக் கட்டாது.

எரிச்சல் வரத்தான் செய்யும். நீங்கள் இப்படித் துறையிடம் பின்வாங்கியிருந்தால், டெண்டரோடு கட்டிய முன்வைப்புத் தொகை (ஈஎம்டி) போயிருக்கும். அந்தப் பறிமுதல் செல்லும் என்று 2003-இல் தேசிய நெடுஞ்சாலை ஆணைய வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கலிபோர்னியாவில் 1958-இல், பள்ளிக்கூட வேலை ஒன்றுக்குத் தளம் போட ரேட் கொடுத்துவிட்டு நழுவியவரை, அதை நம்பி டெண்டர் போட்டவரின் நஷ்டத்தைக் கட்டச் சொன்னார்கள். படிக்க ஆறுதலாக இருக்கும். அதை நம்பி இங்கே கேஸ் போடச் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்த வாட்ஸ்அப் பேச்சை முதலிலிருந்து ஒருமுறை படியுங்கள். டெண்டர் போடும் முன்பே ‘கிடைச்சா நீங்கதான் செய்யணும்’ என்று நீங்கள் எழுதி, அவர் ‘சரிண்ணே’ என்றிருந்தால் கதையே வேறு. அது நிபந்தனையோடு கூடிய ஒப்பந்தம். 73-ஆவது பிரிவின்படி வித்தியாசத்தைக் கேட்கலாம். ‘கொஞ்சம் குறைச்சுக்குங்க’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது சம்மதமே இல்லை, பேரம்.

எப்படியானாலும் ஷட்டரை நிறுத்தி வைக்காதீர்கள். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டால் மதகில் கை வைக்க முடியாது. நியாயமான ரேட்டில் ஆள் பிடித்து முடியுங்கள், பில்லைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த டெண்டருக்கு முன், ஷட்டர்காரர் கையில் ஆயிரம் ரூபாய் அட்வான்ஸ் கொடுத்து, ‘வேலை கிடைத்தால் இந்த ரேட்டுக்கே செய்கிறேன்’ என்று கையெழுத்து வாங்கிவிடுங்கள். அப்புறம் அவர் நழுவினால் எனக்கு எழுத வேண்டாம், நேரே வக்கீலிடம் போகலாம்.