முதியோர் இல்லம் போகும் அப்பா: வீட்டை இப்போதே எழுதி வாங்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 78. மறதி நோயின் ஆரம்பக் கட்டம் என்கிறார் மருத்துவர். அம்மா இல்லை. திருச்சியில் அப்பா சம்பாதித்துக் கட்டிய வீடு, அவர் பெயரில் மட்டும் 25 லட்சம் எஃப்.டி., மாதம் 18,000 பென்ஷன். பராமரிப்பு இல்லத்தில் மாதம் 42,000 கேட்கிறார்கள். வீட்டை இப்போதே நம் பெயருக்கு செட்டில்மெண்ட் எழுதி வாங்கிவிடலாம் என்கிறான் தம்பி. செய்யலாமா?

பதில்: வேண்டாம். குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மெண்டுக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய்தான். செலவு குறைவு என்பதால் எல்லா வீட்டிலும் முதலில் இந்தப் பேச்சுதான் வரும். ஆனால் பத்திரம் பதிவானபின் அப்பாவே நினைத்தாலும் தன்னிச்சையாக ரத்து செய்ய முடியாது. நாளை சிகிச்சைக்கு வீட்டை விற்க வேண்டிவந்தால் உங்கள் இருவர் கையெழுத்தும் வேண்டும். தம்பி கடனில் சிக்கினால் அவர் பங்கு ஜப்திக்குப் போகலாம். மூத்த குடிமக்கள் சட்டம் 2007-இன் 23-ஆம் பிரிவில் கோட்டாட்சியரிடம் மனு செய்து பத்திரத்தை ரத்து செய்ய வழி உண்டு. பராமரிப்போம் என்ற நிபந்தனை பத்திரத்தில் இல்லாவிட்டால் அங்கேயும் இழுபறிதான்.

வீடு அப்பா பெயரிலேயே இருக்கட்டும். யாருக்கு என்பதை உயிலில் எழுதலாம். உயிலுக்கு முத்திரைத் தீர்வை கிடையாது, பதிவும் கட்டாயமில்லை. பதிவு செய்வது நல்லது. இரண்டு சாட்சிகள் வேண்டும்; பங்கு பெறுபவர் சாட்சியாக வேண்டாம். விவரம் புரிந்து எழுதுகிறார் என்று நரம்பியல் அல்லது மனநல மருத்துவரிடம் அதே தேதியில் சான்று வாங்குங்கள். பிற்பாடு வழக்கு வந்தால் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

அவசரம் வங்கியில்தான். ஒற்றைப் பெயர்க் கணக்கு, அப்பாவுக்குப் புரிதல் போன அன்றே முடங்கும். இப்போதே அவரைக் கிளைக்கு அழைத்துப்போய் உங்களைச் சேர்த்து, 'இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்' முறைக்கு மாற்றுங்கள். எஃப்.டி.யில் ஒரு கண்ணி உண்டு: இந்த முறையிலும் முதிர்வுக்கு முன் உடைக்க இருவர் கையெழுத்தையும் வங்கி கேட்கலாம். ஒருவரே உடைக்கலாம் என்ற ஒப்புதலைத் தனியாக எழுதிக் கொடுத்துவிடுங்கள். நாமினி பணத்துக்குச் சொந்தக்காரர் இல்லை, வாரிசுகளுக்காக வாங்கி வைப்பவர்தான்.

அப்பா சார்பில் கையெழுத்துப் போட பவர் பத்திரம் இருந்தால் போதும் என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். கொடுத்தவர் மனநிலை இழந்தால் ஒப்பந்தச் சட்டம் 201-ஆம் பிரிவுப்படி பவர் காலாவதி. அதற்குப் பிறகு உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டுக் காப்பாளர் நியமனம் வாங்க வேண்டும். 2024-இல் கோமாவில் இருந்த ஒருவரின் மனைவிக்குச் சொத்தை விற்கச் சென்னை உயர் நீதிமன்றம் அனுமதி தந்தது. 50 லட்சத்தைக் கணவர் பெயரில் வைப்பாகப் போடச் சொன்னது.

கட்டணத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். எஃப்.டி.யில் 15 லட்சத்தை முதிர்வு பார்த்து எடுத்து மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால், 8.2 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு 30,750, மாதக் கணக்கில் 10,250. மீதி 10 லட்சம் 7 சதவீதத்தில் இருந்தால் மாதம் சுமார் 5,800. வீட்டை 12,000-க்கு வாடகைக்கு விட்டால் பென்ஷனோடு 46,000 தாண்டும். சேமிப்புத் திட்ட வட்டி காலாண்டுக்கு ஒருமுறைதான் வரும், அதுவரை சமாளிக்கக் கையில் கொஞ்சம் வையுங்கள். 10 லட்சத்தை மருத்துவமனைச் செலவுக்கென்று விட்டுவைப்பது அவசியம். சேமிப்புத் திட்டத்தை ஐந்தாண்டுக்கு முன் முடித்தால் பிடித்தம் உண்டு.

வீட்டை வைத்து மாதப் பணம் தரும் ரிவர்ஸ் மார்ட்கேஜ் உங்களுக்கு ஒத்துவராது. கடன் வாங்கியவர் அந்த வீட்டில் குடியிருக்க வேண்டும். ஓராண்டு தொடர்ந்து இல்லாவிட்டால் கடனைத் திருப்பிக் கேட்பார்கள்.

இல்லத்து ஒப்பந்தத்தில் டயப்பர், தனி உதவியாளர், ஆம்புலன்ஸ் 42,000-க்குள் அடங்குமா, ஆண்டுக்கு எவ்வளவு ஏற்றுவார்கள், முன்பணம் எந்தச் சூழலில் எத்தனை நாளில் திரும்பும் என்று எழுத்தில் வாங்குங்கள். அப்பாவின் ஏ.டி.எம். கார்டும் பாஸ்புக்கும் உங்களிடமே இருக்கட்டும்.