பிடிப்பவரே காப்பவரா?

கேள்வி: மீன்பிடித்தே வாழ்ந்த ஓர் அமெரிக்கப் பூர்வகுடி மனிதர் ஆற்றுச் சால்மன் மீன்களைக் காக்கவும் பாடுபட்டார் என்று படித்தேன். இது முரண்பாடு அல்லவா? (வாசகர், நாகப்பட்டினம்)

பதில்: நீங்கள் படித்தது பில்லி ஃபிராங்க் ஜூனியரைப் பற்றியதாக இருக்கலாம். வாஷிங்டன் மாநிலத்தில், ரெய்னியர் மலையின் பனியாற்றில் உற்பத்தியாகி பியூஜெட் சவுண்ட் என்ற கடற்கழியில் கலக்கும் நிஸ்குவாலி ஆற்றங்கரையில் வாழ்ந்தவர். அதே பெயருடைய குடியைச் சேர்ந்தவர். 1945-இல், 14 வயதில், வலை போட்டதற்காக முதன்முறை கைதானார். பிற்காலத்தில் அந்தக் கணக்கு 50-ஐத் தாண்டியது.

அவருடைய முன்னோர் 1854-இல் மெடிசின் கிரீக் உடன்படிக்கையின்படி தங்கள் நிலத்தில் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்தபோதும், வழக்கமான இடங்களில் மற்றக் குடிமக்களோடு சேர்ந்து மீன் பிடிக்கும் உரிமையை விடவில்லை. நூறாண்டுக்குப் பின் மாநில அரசு அந்த உரிமையைத் தடுக்கச் சொன்ன காரணம், வேடிக்கையாக, மீன்வளப் பாதுகாப்புதான். கடலில் வணிகப் படகுகள் அள்ளியதோடு ஒப்பிட்டால் பூர்வகுடியினர் பிடித்தது சிறு பங்கே. ஆனால் அவர்களுடைய வலை ஆற்றில், அதிகாரிகளின் கண்ணெதிரே கிடந்தது. எளிதில் எட்டுகிறவர் மீது பழி போடுவது எல்லா ஊர் நிர்வாகங்களுக்கும் கைவந்த கலை என்றே எனக்குத் தோன்றுகிறது.

1974-இல் கூட்டாட்சி நீதிபதி ஜார்ஜ் போல்ட், பிடிக்கத்தக்க மீனில் பாதி வரை உடன்படிக்கைக் குடிகளுக்கு உரியது என்று தீர்ப்பளித்தார். 1979-இல் உச்ச நீதிமன்றமும் அதைப் பெரும்பாலும் உறுதி செய்தது. நீங்கள் சொல்லும் முரண்பாடு இந்த இடத்தில்தான் கரைகிறது. ஆற்றில் மீனே இல்லையென்றால் பாதிப் பங்குக்கு என்ன பொருள்? பிடிக்கும் உரிமை கிடைத்த பிறகு, மீன் திரும்பி வரும் ஆற்றைக் காப்பது அவருக்குத் தனியான அறப்பணியாக இல்லை, தொழிலின் பகுதியாகவே ஆயிற்று. வடமேற்குப் பூர்வகுடி மீன்வள ஆணையத்தின் தலைவராகப் பல ஆண்டுகள் இருந்து, முன்பு தம்மைக் கைது செய்த அதே மாநில அரசோடு மீன்வளத்தைக் கூட்டாக நிர்வகித்தார். 1987-இல் மர நிறுவனங்களோடும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார். கரையோர மரங்களை வெட்டினால் நிழல் போய் நீர் சூடாகும், மண் சரிந்து முட்டை கிடக்கும் கூழாங்கற்களை மூடிவிடும் என்பதால், சால்மனைக் காக்கப் புறப்பட்டவர் காட்டைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது.

கேள்வி: பொரிப்பகங்களில் குஞ்சு வளர்த்து ஆற்றில் விட்டால் போதாதா? (வாசகர், மதுரை)

பதில்: போதாது, ஆனால் அங்குள்ள பூர்வகுடிகள் பொரிப்பகங்களை ஒதுக்கவும் இல்லை, அவர்களே பலவற்றை நடத்துகின்றனர். நிஸ்குவாலி ஆற்றின் தொன்மையான சினூக் சால்மன் இனம் அழிந்துவிட்டது. இன்று அங்கு வருபவை வேற்றாற்றிலிருந்து பொரிப்பக வழியாக வந்தவற்றின் சந்ததி. எங்கே வளர்த்த குஞ்சானாலும், கடலுக்குப் போகும் வழியில் கழிமுகத்தில் தங்கி உப்புநீருக்குப் பழக வேண்டும், வளர்ந்தபின் மணத்தைக் கொண்டு பிறந்த ஓடையைத் தேடி ஏற வேண்டும். வழி கெட்டிருந்தால் குஞ்சின் எண்ணிக்கையால் பயனில்லை. ஆகவே 2009-இல் நிஸ்குவாலி கழிமுகத்தில் நூறாண்டுப் பழமையான தடுப்புக்கரைகளை அகற்றி, ஏறத்தாழ 760 ஏக்கரில் மீண்டும் கடல் ஓதத்தை விட்டார்கள்.

சாலைகளுக்கு அடியில் ஓடைநீர் செல்லப் பதித்த குழாய்கள் மீன் ஏறுவதைத் தடுக்கின்றன என்று 2001-இல் குடிகள் வழக்குத் தொடுத்தன. பில்லி ஃபிராங்க் 2014-இல் இறந்தார். 2018-இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் நால்வருக்கு நால்வர் எனப் பிரிந்ததால், குழாய்களை மாநிலம் மாற்றியாக வேண்டும் என்ற கீழ் நீதிமன்றத் தீர்ப்பே நிலைத்தது. 1999-இல் அச்சுறுத்தலுக்குள்ளான இனமாக அறிவிக்கப்பட்ட பியூஜெட் சவுண்ட் சினூக் இன்னும் அந்தப் பட்டியலிலேயே இருக்கிறது.