மகளின் சிகிச்சைக்கு 16 லட்சம்: முதலில் யாரிடம் கேட்பது?

கேள்வி: எனக்குப் புதுக்கோட்டை மாவட்டம், கீரமங்கலம் பக்கம். திருச்சியில் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் வெல்டராக இருக்கிறேன். சம்பளம் 18 ஆயிரம், ஈ.எஸ்.ஐ., பி.எஃப். பிடித்தம் போகக் கைக்கு 16 ஆயிரத்துச் சொச்சம் வரும். மகளுக்கு 15 வயது, பத்தாவது படிக்கிறாள். கடுமையான ஏபிளாஸ்டிக் அனீமியா, அதாவது ரத்த அணுக்கள் உற்பத்தி நின்றுபோகும் நோய் என்று சொல்லிவிட்டார்கள். எலும்பு மஜ்ஜை மாற்ற வேண்டுமாம். அவளுடைய தம்பியின் மஜ்ஜை பொருந்துகிறது. தனியார் மருத்துவமனையில் 16 லட்சம் எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்கள். ஊரில், எல்லோரையும் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டு மொய் வாங்கும் மொய் விருந்து வைக்கச் சொல்கிறார்கள். சிங்கப்பூரில் இருக்கும் மைத்துனர், ஆன்லைனில் வீடியோ போட்டால் பணம் கொட்டும் என்கிறார். மனையை விலை பேசவும் ஆள் வந்துவிட்டார். எதை முதலில் செய்வது?

பதில்: தம்பியின் மஜ்ஜை பொருந்தியது பெரிய விஷயம். கூடப்பிறந்த ஒருவருடையது முழுதாகப் பொருந்த நாலில் ஒரு பங்கு வாய்ப்புதான். இந்த நோயில், இந்த வயதில், உடன்பிறந்தவரின் மஜ்ஜை கிடைத்தால் மருத்துவர்கள் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையைத்தான் முதலில் சொல்வார்கள். தள்ளிப்போடவும் விட மாட்டார்கள். ஆகவே உங்களுக்கு நேரம் குறைவு. அதனால்தான் வரிசை முக்கியம் என்கிறேன்.

மனையை இன்றைக்கு விற்காதீர்கள். அவசரத்துக்கு விற்கிறீர்கள் என்று தெரிந்துதான் அந்த ஆள் வந்திருக்கிறார். அட்வான்ஸ் வாங்காமல் அனுப்பி வையுங்கள்.

உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் ஒரு வார்த்தை எழுதியிருக்கிறீர்கள்: ஈ.எஸ்.ஐ. பிடித்தம். நான் முதலில் பிடித்துக்கொள்வது அதைத்தான். மாதச் சம்பளம் 21,000 வரை உள்ள தொழிலாளிக்கும் அவர் குடும்பத்துக்கும் அதில் உயர் சிறப்புச் சிகிச்சைக்கு வழி இருக்கிறது. குறிப்பிட்ட காலம் சந்தா கட்டியிருக்க வேண்டும், மகளின் பெயர் உங்கள் அட்டையில் ஏறியிருக்க வேண்டும். பலர் கல்யாணமான புதிதில் பதிந்ததோடு விட்டுவிடுவார்கள், பிள்ளைகள் பெயர் இருக்காது. பட்டறைக் கணக்காளரிடம் நாளைக் காலையிலேயே கேளுங்கள். பிறகு ஈ.எஸ்.ஐ. மருந்தகம், அங்கிருந்து ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை, அங்கிருந்து ஒப்பந்த மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் என்று போக வேண்டும். அலைச்சல்தான். ஆனால் பரிந்துரை இல்லாமல் நீங்களாகவே ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்துப் பணம் கட்டிவிட்டு, அப்புறம் திருப்பிக் கேட்டால் வாங்குவது மகா கஷ்டம்.

அரசு உதவி பெரும்பாலும் இப்படித்தான். கட்டுவதற்கு முன்னால் கேட்டால் கிடைக்க வழியுண்டு, கட்டிய பிறகு கேட்டால் கிடைக்காது. பிரதமரின் தேசிய நிவாரண நிதியும் செலவழித்த பணத்தைத் திருப்பித் தருவதில்லை; நடக்கப்போகிற சிகிச்சைக்கு, பட்டியலில் உள்ள மருத்துவமனைக்கு நேராக அனுப்பும். இதற்கு எஸ்டிமேட் அசல், வருமானச் சான்று, முகவரிச் சான்று, போட்டோ போதும். உங்கள் எம்.பி.யின் பரிந்துரைக் கடிதத்தோடு போனால் நல்லது. முதலமைச்சரின் பொது நிவாரண நிதிக்குக் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு கொடுங்கள். எது வரும், எவ்வளவு வரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. எல்லாவற்றுக்கும் ஒரே வாரத்தில் போட்டுவிட வேண்டும்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ஊரில் எல்லோரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும், எலும்பு மஜ்ஜை மாற்று போன்ற பெரிய சிகிச்சைகளுக்குத் தனி நிதியும் உண்டு. வருமான வரம்பு ஆண்டுக்கு 1,20,000. உங்கள் சம்பளம் இரண்டு லட்சத்தைத் தாண்டுகிறது, பி.எஃப். கணக்கில் அது பதிவாகியும் இருக்கிறது. குறைத்து எழுதி ஒரு வருமானச் சான்று வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் வேண்டாம். இரண்டு அலுவலகங்களில் இரண்டு வருமானம் காட்டினால், சரியாகக் கிடைக்க வேண்டியதும் நின்றுபோகும். உங்கள் பெற்றோர் காலத்தில் எடுத்த காப்பீட்டு அட்டை ஏதும் இருக்கிறதா என்று மட்டும் ரேஷன் கார்டோடு போய்க் கலெக்டர் அலுவலகக் காப்பீட்டுப் பிரிவில் பார்த்துவிடுங்கள். 1800 425 3993 என்ற இலவச எண்ணிலும் கேட்கலாம்.

பலருக்குத் தெரியாத ஒன்று உங்கள் மகளுக்கு அப்படியே பொருந்துகிறது. கோல் இந்தியா நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதியில் ‘தலசீமியா பால சேவா யோஜனா’ என்று ஒரு திட்டம் 2017-ல் தொடங்கியது. பெயரில் தலசீமியா என்ற வேறொரு ரத்த நோய் இருக்கிறதே என்று ஒதுக்கிவிடாதீர்கள், ஏபிளாஸ்டிக் அனீமியாவையும் பின்னால் சேர்த்துவிட்டார்கள். பொருந்தும் கொடையாளர் குடும்பத்திலேயே இருக்கும் பிள்ளைக்கு 10 லட்சம் வரை, நேராக மருத்துவமனைக்கே போகும். குறிப்பிட்ட மருத்துவமனைகளில் மட்டுமே கிடைக்கும், வேலூர் சி.எம்.சி. அந்தப் பட்டியலில் உண்டு. வருமானம், வயது நிபந்தனைகளை அங்குள்ள மருத்துவ சமூகப் பணியாளர் பார்த்துச் சொல்வார். உங்களுக்கு எஸ்டிமேட் கொடுத்த மருத்துவமனை இந்தப் பட்டியலில் இல்லையென்றால், மருத்துவமனையை மாற்றுவது பற்றி யோசிக்கத்தான் வேண்டும். 16 லட்சம் திரட்டுவதைவிட, 16 லட்சத்தை 6 லட்சமாக்குவது சுலபம். இதை நான் எல்லாக் குடும்பத்துக்கும் சொல்வேன், பாதிப் பேர் கேட்பதில்லை. முதலில் பார்த்த மருத்துவரை விட்டுப் போவது துரோகம் மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள்.

எஸ்டிமேட் காகிதத்தையும் ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். லெட்டர்ஹெட், மருத்துவர் கையெழுத்து, முத்திரை, நோயாளி எண், காசோலை யார் பெயரில் எடுக்க வேண்டும் என்ற விவரம் எல்லாம் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் விண்ணப்பம் திரும்பி வரும். அந்த 16 லட்சத்தில் என்னென்ன அடங்கவில்லை என்றும் கேளுங்கள். பெரும்பாலும் மாற்றுச் சிகிச்சையின் பேக்கேஜ் மட்டும்தான் இருக்கும். அதற்கப்புறம் நூறு நாள் போல மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே வீடு எடுத்துத் தங்கச் சொல்வார்கள். உடம்பின் எதிர்ப்பு சக்தியை அடக்கி வைக்கும் சைக்ளோஸ்போரின் மாத்திரை மாதக்கணக்கில் ஓடும். காய்ச்சல் வந்து மறுபடி சேர்த்தால் தனிச் செலவு. நீங்களோ உங்கள் மனைவியோ கூடவே இருக்க வேண்டும், ஒரு சம்பளம் போகும். ஊராரும் உறவினரும் கொடுக்கும் பணத்தை இதற்கென்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த அரசு நிதியும் வீட்டு வாடகை தராது. பி.எஃப். கணக்கிலிருந்து சிகிச்சைக்கு முன்பணம் எடுக்கவும் வழி உண்டு, ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம்.

இப்போது மொய் விருந்து. அது உதவி அல்ல, கடன் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வட்டி இல்லாத, ஆனால் மறக்க முடியாத கடன். உங்கள் மொய் நோட்டை எடுத்துப் பாருங்கள். இத்தனை வருஷமாக நீங்கள் அடுத்தவர் விருந்தில் செய்து, இன்னும் திரும்பாத தொகை எவ்வளவு? அது நாலைந்து லட்சம் இருந்தால் தாராளமாக வையுங்கள், உங்கள் பணத்தைத்தான் திரும்ப வாங்குகிறீர்கள். பெரும்பகுதி புதுநடையாகத்தான், அதாவது இனி நீங்கள் திருப்பிச் செய்ய வேண்டிய புது மொய்யாகத்தான் வரும் என்றால், மகள் தேறி வந்த பிறகு பத்து வருஷத்துக்கு, மொய் விருந்து நடக்கும் ஆடி, ஆவணி வந்தாலே உங்களுக்குப் பயமாக இருக்கும். பந்தல், கறி, அரிசி, பத்திரிகைச் செலவு வேறு. எப்படியானாலும் நோட்டில் மொய்யையும், ‘திருப்பித் தர வேண்டாம்’ என்று கொடுப்பதையும் தனித்தனிப் பக்கத்தில் எழுதுங்கள். பிற்காலத்தில் மனஸ்தாபம் வருவது இந்த இடத்தில்தான்.

ஊரார் ரத்தம் கொடுக்கவும் வருவார்கள். இங்கே ஓர் எச்சரிக்கை. மகளுக்கு ஏற்றும் ரத்தமோ தட்டணுவோ உங்களிடமிருந்தோ, உங்கள் மனைவியிடமிருந்தோ, மகனிடமிருந்தோ, சித்தப்பா, மாமன் போன்ற ரத்த சொந்தங்களிடமிருந்தோ வரக் கூடாது. சொந்தக்காரர் ரத்தம் ஏறினால் அவள் உடம்பு அதற்கு எதிராகப் பழகிவிடும், பிறகு தம்பியின் மஜ்ஜையைத் தள்ளிவிட வாய்ப்பு உண்டு. அவசரத்துக்கு ஏற்றும் சின்ன மருத்துவமனையில் இதைக் கேட்காமல் விட்டுவிடலாம், நீங்கள் சொல்லுங்கள். வெள்ளணுவை வடிகட்டி எடுத்து, கதிரியக்கம் காட்டிய ரத்தம்தானா என்றும் கேளுங்கள். சொந்தக்காரர்கள் ரத்த வங்கியில் வேறு நோயாளிகளுக்காகக் கொடுக்கட்டும்.

மைத்துனர் சொல்லும் வீடியோவைப் பற்றி. மிலாப், கெட்டோ, இம்பேக்ட்குரு போன்ற தளங்களில் திரட்டலாம். பணத்தை மருத்துவமனைக் கணக்குக்கே அனுப்புவார்களா, கட்டணமும் விளம்பரச் செலவும் எவ்வளவு பிடிப்பார்கள், மிச்சம் வந்தால் என்ன செய்வார்கள் என்று எழுத்தில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். ‘நாங்களே வைரலாக்கித் தருகிறோம், வசூலில் பங்கு கொடுங்கள்’ என்று வருகிற தனி ஆட்களிடம் பேச்சே வேண்டாம்.

உங்கள் சொந்த கியூஆர் கோடைப் போட்டு வாட்ஸ்அப்பில் சுற்றவிடுவதில் இரண்டு சங்கடம். முன்பின் தெரியாதவர் அனுப்பும் பணத்தில் ஏதாவது ஒன்று சைபர் மோசடிப் பணமாக இருந்தால், போலீஸ் கேட்டு வங்கி உங்கள் கணக்கை முடக்கிவிடும், அதுவும் டெபாசிட் கட்ட வேண்டிய நாளில். இன்னொன்று, உறவினர் அல்லாதவரிடமிருந்து ஓராண்டில் மொத்தம் 50,000 ரூபாய்க்கு மேல் இனாமாக வந்தால் வருமான வரிச் சட்டப்படி முழுத் தொகையும் உங்கள் வருமானம். அதனால் பெரிய தொகை கொடுப்பவரிடம், மருத்துவமனைக் கணக்குக்கே மகளின் நோயாளி எண்ணைக் குறிப்பிட்டு அனுப்பச் சொல்லுங்கள். மருத்துவமனைகளுக்கு யு.பி.ஐ.யில் 5 லட்சம் வரை அனுப்ப அனுமதி உண்டு. சில்லறையாக வருவதற்கு ஒரு புதுச் சேமிப்புக் கணக்கு. ரொக்கமாகச் சேர்த்து வைக்காதீர்கள். 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க மருத்துவமனைக்கே சட்டத்தில் இடமில்லை.

சிங்கப்பூர்ப் பணத்தில் ஒரு நுணுக்கம். இந்திய பாஸ்போர்ட்டோடு அங்கே வேலை பார்ப்பவர் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் சிக்கல் இல்லை. அந்நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்குள் வரும். நெருங்கிய உறவுக்கு விலக்கு உண்டு. ஆண்டுக்கு 10 லட்சம் வரை அரசுக்குத் தெரிவிக்கவும் வேண்டாம். ஆனால் அந்தச் சட்டத்தின் உறவுப் பட்டியலில் அண்ணன், தம்பி, அக்கா, தங்கை உண்டு; மனைவியின் தம்பி இல்லை. ஆகவே மைத்துனர் குடியுரிமை வாங்கியவர் என்றால் உங்கள் கணக்குக்கு அல்ல, அவருடைய அக்காவான உங்கள் மனைவியின் கணக்குக்கு அனுப்பட்டும். அவருடைய நண்பர்கள் வெளிநாட்டுக் குடிமக்களாக இருந்தால், வெளிநாட்டுப் பணம் வாங்க அனுமதி உள்ள தளம் வழியாகவோ மருத்துவமனை வழியாகவோ மட்டும்.

வேண்டுகோள் எழுதும்போது ஆதார், வீட்டு முகவரி, முழு மருத்துவ அறிக்கை எதையும் போடாதீர்கள். போலி ஆட்கள் அதை அப்படியே எடுத்துத் தங்கள் கணக்கு எண்ணை ஒட்டிச் சுற்றவிடுவார்கள். இப்படி எழுதினால் போதும்:

“எங்கள் மகளுக்கு 15 வயது. ரத்த அணுக்கள் உற்பத்தி நின்றுபோகும் நோய். தம்பியின் எலும்பு மஜ்ஜை பொருந்தியிருக்கிறது. சிகிச்சைச் செலவு இவ்வளவு. அரசு உதவியாக இவ்வளவு கிடைத்திருக்கிறது. இன்னும் தேவை இவ்வளவு. கீழே இருப்பது மருத்துவமனையின் கணக்கு. அனுப்புகிறவர்கள் நோயாளி எண்ணைக் குறிப்பிடவும். இந்த வேண்டுகோள் இந்தத் தேதியோடு முடிகிறது.”

அரசு உதவி எவ்வளவு என்ற வரிதான் இதில் முக்கியம். கொடுப்பவருக்கு நம்பிக்கை தருவது அழுகைப் படம் அல்ல, மீதி எவ்வளவு என்ற கணக்கு. அதற்காகவும் அரசு விண்ணப்பங்கள் முதலில் போக வேண்டும்.

மகளிடம் கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. கைக்குழந்தை படத்தைப் போடுவது வேறு, பத்தாவது படிக்கும் பெண்ணின் படம் வேறு. கூடப் படிப்பவர்கள் எல்லோர் கைக்கும் அது போகும், அவள் பள்ளிக்குத் திரும்பிய பிறகும் இணையத்தில் கிடக்கும். முகம் தெரியாத படம் போதுமா, பெயர் போடலாமா, எந்த வகுப்பு வாட்ஸ்அப் குழுவுக்குப் போகக் கூடாது என்று அவளே சொல்லட்டும். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். மைத்துனரிடம் இதை நீங்கள்தான் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பள்ளியில் வசூல் செய்ய முன்வந்தால், வகுப்பில் உண்டியல் நீட்டாமல், ஆசிரியர்கள் தங்களுக்குள் சேர்த்து மருத்துவமனை பெயரில் டி.டி. எடுத்துத் தரச் சொல்லித் தலைமையாசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.