காமன் கூத்தும் டெத் மெட்டலும்

அன்புள்ள ஐயா,

ஹட்டனில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து மெட்டல் இசை வாசிக்கிறோம். இப்போது ஒரு கவர் அல்பம், அதாவது மற்றவர்கள் பாட்டை நாங்கள் வாசிக்கும் அல்பம், பதிவு செய்ய யோசனை. பாதி எங்களுக்குப் பிடித்த, உறுமிப் பாடும் டெத் மெட்டல் பாட்டுகள். மீதி தேயிலைத் தோட்டத்துப் பாட்டுகள். மாசியில் ஆடும் காமன் கூத்தில் காமனின் மனைவி ரதி அழுகிற பாட்டும் அதில் உண்டு. "சொந்தச் சரக்கு தீர்ந்தவன்தான் கவர் போடுவான்" என்கிறான் எங்கள் டிரம்மர். தப்பு (பறை) அடிக்கும் என் மாமாவோ, "சாமி பாட்ட வச்சு உறுமாதீங்கடா" என்று கோபப்படுகிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஒரு வாசகன், ஹட்டன்

அன்புள்ள தம்பி,

உங்கள் டிரம்மர் சும்மா சொல்லவில்லை. அமெரிக்காவின் சிக்ஸ் ஃபீட் அண்டர் என்ற டெத் மெட்டல் குழுவினர் 2004இல் 'கிரேவ்யார்ட் கிளாசிக்ஸ் 2' என்று ஓர் அல்பம் போட்டார்கள். ஏசி/டிசி என்ற ராக் குழு 1980இல் வெளியிட்ட 'பேக் இன் பிளாக்' அல்பம் முழுவதையும் முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை அதே வரிசையில் வாசித்தார்கள். கிடார் பெரும்பாலும் பழையபடியே போகிறது, பாடகர் கிறிஸ் பார்ன்ஸின் உறுமல்தான் புதுசு. மூலத்தில் அந்தப் பாட்டுகளைத் தூக்கி நிறுத்துவதே கிறீச்சிடும் உச்சக் குரல். அதை எடுத்துவிட்டார்கள், ஈடாக எதையும் வைக்கவில்லை. எனக்கு இரண்டாம் பாட்டிலேயே அலுத்துவிட்டது.

ஆனால் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமிலிருந்து வந்த நேபாம் டெத் குழுவைக் கேளுங்கள். 1999இல் 'லீடர்ஸ் நாட் ஃபாலோவர்ஸ்' என்று ஒரு சின்னத் தட்டு, 2004இல் அதன் இரண்டாம் பாகமாக ஒரு முழு அல்பம். ஊரறிந்த பாட்டாகத் தேடிப் பொறுக்கவில்லை. முதல் தட்டில் ரிபல்ஷன், டெத், சிலி நாட்டுப் பென்டகிராம் என்ற குழுக்களின் பாட்டுகள் வரும். எண்பதுகளில் கசெட்டில் பதிந்து தபாலில் அனுப்பி, நாடு விட்டு நாடு கைமாறிய சங்கதி அது. வாத்தியார் யார் யார் என்று சபையில் சொல்லிவிட்டு வாசிக்கிறார்கள். 1996இல் ஸ்லேயர் என்ற மெட்டல் குழு ஹார்ட்கோர் பங்க் என்ற வேக ராக் வகைப் பாட்டுகளை எடுத்து வாசித்ததும் ஏறக்குறைய இதே கணக்குத்தான்.

அதனால் உங்கள் பட்டியலில் எல்லாரும் வாசிக்கிற பாட்டுகளை முதலில் வெட்டுங்கள். எதைக் கேட்டுக் கிடார் எடுத்தீர்களோ அது இருக்கட்டும்.

இனி மாமாவின் கோபம். உறுமல் கூத்துக்குப் புதிதல்ல. வீரபத்திரன் ஆடி வரும்போது எழும் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு டெத் மெட்டல் குரல் என்ன பெரிய அதிர்ச்சி? அந்த இடத்தில் தாராளமாக உறுமுங்கள். ரதி புலம்பல் வேறு. சிவன் காமனை எரித்த பிறகு அவள் அழுவது குரல் ஏறி இறங்கி இழைவதால்தான் நம்மைப் பிடிக்கிறது. உறுமலில் அந்த இழைவு வராது. ஒன்று, ராகத்தைக் கிடாருக்குக் கொடுத்துக் கம்பியை இழுத்து வாசியுங்கள். இல்லையா, உங்கள் தோட்டத்தில் ரதி வேஷம் கட்டிப் பாடுகிறவரையே பாடவையுங்கள். நான் இரண்டாவதைத்தான் செய்வேன்.

டிரம்மருக்கு ஒரு வேலை இருக்கிறது. மாசியில் காமனுக்குக் கம்பம் நட்டுக் காமன் ஊன்றுவதிலிருந்து எரிக்கும் வரை தப்பின் அடி மாறிக்கொண்டே போகும். சாவுக்கு ஓர் அடி. பிரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்குப் பேர் பதிய, ஆள் கூப்பிட ஓர் அடி இருந்தது. அதையெல்லாம் அவர் உங்கள் மாமாவிடம் உட்கார்ந்து பழகட்டும். எடுத்த எடுப்பில் பிளாஸ்ட் பீட் என்ற அதிவேக டிரம் அடியைப் போட்டால் தப்பு இருந்த இடமே தெரியாது. பெரிய டிரம்மைக் காலால் அடிக்கும் இரட்டைப் பெடலும் சுருதி தாழ்த்திய கிடாரும் அடியொலியை நிரப்பிக்கொள்ளும். தப்பின் மெல்லிய குச்சி விழும் சுளீர் சத்தம் அதற்கு மேலே நிற்பது, அதற்குத் தனியாக ஒரு மைக் வையுங்கள். கணினியிலிருந்து தப்புச் சத்தம் எடுத்து ஒட்ட வேண்டாம், தயவுசெய்து. ஹட்டன் மழையில் தோல் தளர்ந்துவிடும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஸ்டூடியோக்காரர் முறைத்தாலும் சரி, தப்பைக் காய்ச்ச வெளியே நெருப்பு இருக்க வேண்டும்.

அனுமதி விஷயம் இரண்டு வகை. வெளிநாட்டுப் பாட்டுகளுக்கு உரிமை வாங்க வேண்டும், பேச்சே இல்லை. தோட்டத்துப் பாட்டு யாருக்கும் சொந்தமில்லை என்று நினைத்துவிடாதீர்கள். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் நாட்டார் கலைக்கும் பாதுகாப்பு இருக்கிறது. வியாபாரமாக வெளியிடுவதற்கு முன் ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள். அதற்கும் முன்னால், விரதம் இருந்து காமன் ஊன்றுகிறவர்களிடம் கேளுங்கள். எந்தப் பாட்டை வெளியே பாடலாம், எதைப் பாடக்கூடாது என்று அவர்களே சொல்வார்கள். கூடாது என்றால் விட்டுவிடுங்கள், வேறு பாட்டா இல்லை?

அப்புறம், மாமா வாசித்தால் அவர் பெயர் உங்கள் நால்வர் பெயரோடு அட்டையில் அதே எழுத்தளவில் வரட்டும். 'நன்றி' பட்டியலில் போடாதீர்கள். காசு வந்தால் ஐந்து பங்கு.